அடிநாதம் – 14: அடக்கம்

போன வாரம் பிரிக்ஸ்டனில் நிறுத்தினோம். தேவாலயக் கட்டடத்துக்குள் டி.எம்.இசட். இரவுகள். ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளின் முன்னால் கண்ணை மூடி நின்ற கூட்டம். பிறகு 2006 ஜனவரி: பிபிசி ரேடியோ 1-இல் மேரி ஆன் ஹாப்ஸ் நடத்திய ‘டப்ஸ்டெப் வார்ஸ்’ நிகழ்ச்சி. தென் லண்டனின் நாலு தெருவுக்குள் புழங்கிய சரக்கு ஒரே இரவில் உலகச் சந்தைக்கு வந்தது. மாலா, ஸ்கிரீம், லோஃபா, கோட்9 என்று அன்று வரிசையாக வந்து வாசித்தவர்களை எல்லாம் பார்த்தோம்.

அந்த வரிசையில் ஒருவர் இல்லை.

அவர் எந்த வரிசையிலும் நின்றதில்லை. கச்சேரி செய்ததில்லை. விளம்பரப் படத்துக்கு முகம் காட்டியதில்லை. ஆனால் இந்தத் தொடரில் இதுவரை வந்த எல்லோரையும்விட, பேஸ் இசையில் துளி ஈடுபாடும் இல்லாதவர்களிடம்கூட அவருடைய தட்டு ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரியல் என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். இறந்தவரைப் புதைப்பது என்று பொருள். நாம் நாகரிகமாக ‘அடக்கம்’ என்போம். நம் சொல்லில் இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா? இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது பொருளைப் பற்றியது.

*

தொண்ணூறுகளின் தொடக்கம். தென் லண்டனில் ஒரு வீடு. 1979-இல் பிறந்த பையன். அவனுக்கு அண்ணன்கள் உண்டு.

அண்ணன்கள் ஜங்கிள் இசைத் தட்டுகளையும் கேசட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ரேவ் இரவுகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஊருக்கு வெளியே யாரோ ஒருவரின் கிடங்கு, விடியும்வரை ஆட்டம், முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வது. தம்பி வாயைப் பிளந்து கேட்பான். அவனுக்குப் போகும் வயதில்லை.

போகும் வயது வந்தபோது போவதற்கு இடமில்லை. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொது நிலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் ஆடியதையும் அதைப் பார்த்துப் பத்திரிகைகள் பதறியதையும் ஏழாவது அத்தியாயத்தில் விரிவாகச் சொன்னேன். 1994-இல் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. அடுத்தடுத்து ஒரே மாதிரி விழும் தாளத்தட்டுகள் என்று இசைக்கே சட்டத்தில் இலக்கணம் எழுதி, அப்படிப்பட்ட ஒலியோடு திறந்தவெளியில் 100 பேர் கூடினால் கலைக்கலாம் என்று போலீசுக்கு அதிகாரம் கொடுத்த சட்டம். அப்போது அந்தப் பையனுக்குப் பதினைந்து.

இதுதான் பெரியலின் மூலக்கதை. அவர் இசை முழுக்க முழுக்க ரேவ் இரவுகளைப் பற்றியது. ஆனால் அந்த ரேவ்களுக்கு அவர் போனதேயில்லை. பேட்டிகளில் அவரே இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். போக முடியாமல் வீட்டில் இருந்தவனுக்கு மட்டும் தூரத்து மேளச்சத்தம் காதிலேயே நின்றுவிடும். மாலாவும் ஸ்கிரீமும் செய்தது மண்டபத்துக்குள் நின்று வாசித்த இசை. பெரியலுடையது அந்தத் தூரத்து மேளம்.

*

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் உணர்ச்சிக்குத் தாவிவிட்டுக் கைவேலையை விட்டுவிடுகிறார்கள்.

கணினியில் இசை செய்கிறவர்கள் பொதுவாகப் பயன்படுத்துவது சீக்வென்சர். திரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். கிக் டிரம் இந்தக் கட்டத்தில், ஸ்னேர் அந்தக் கட்டத்தில் என்று வைத்தால், மிஷின் இம்மியும் பிசகாமல் வாசிக்கும். நேரம் தவறி வைத்தாலும் தானே இழுத்துக் கோட்டில் உட்கார்த்திவிடும்.

பெரியலிடம் அது இல்லை. அவர் பயன்படுத்தியது ‘சவுண்ட் ஃபோர்ஜ்’. ஒலிப்பதிவை வெட்ட, ஒட்ட, தூசு தட்டச் செய்யப்பட்ட மென்பொருள். அதில் தாளக்கட்டம் கிடையாது. ஒலியின் அலைவடிவம் மட்டும் திரையில் மேலும் கீழுமாக ஓடும். அதைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, ஒவ்வொரு தட்டையும் கையால் வைக்க வேண்டும்.

புள்ளி வைக்காமல் கோலம் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பழக்கம் உள்ளவர் போட்டால் கோடு லேசாக நெளியும்; ஆனால் அந்த நெளிவில்தான் கை தெரியும். பெரியலின் ஹை-ஹாட் ஒரு மயிரிழை முந்தும், ஸ்னேர் ஒரு மயிரிழை பிந்தும். எந்த இரண்டு அடியும் ஒன்றுபோல் இருக்காது. காதுக்குத் தப்பு என்று படாது. உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று மட்டும் படும்.

நல்ல தாளம் அமைந்துவிட்டதா என்று அவர் கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார். திரையில் அலைவடிவம் மீன்முள் மாதிரி தெரிந்தால் சரியாக வந்துவிட்டது என்று பொருளாம். நடுத்தண்டு, இரண்டு பக்கமும் கூரான முட்கள். சினிமா நோட்டேஷன் எழுதுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அடுத்தது கரகரப்பு. பெரியலின் எந்தப் பாட்டைப் போட்டாலும் முதலில் கேட்பது மழை. அல்லது மழை போன்ற ஒன்று: பழைய தட்டின் கீறல், நெருப்பு பொரிவது, திருட்டு வானொலியில் இரண்டு அலைவரிசைகளுக்கு நடுவே வரும் இரைச்சல். அதற்குள் சாவிக்கொத்து கிலுங்கும், லைட்டர் சொடுக்கும். வீடியோ கேமில் தோட்டாவின் காலிக்கூடு தரையில் விழும் கிணுக் என்ற ஒலி தாளவாத்தியமாகவே வரும்.

விமர்சகர்கள் இதற்கு மேல் மாடி மாடியாகத் தத்துவம் கட்டினார்கள். அதில் சிறந்தவர் மார்க் ஃபிஷர். ஒரு காலத்தில் ஆட்டமும் பாட்டமுமாய் இருந்த இடத்துக்குப் பல வருடம் கழித்துப் போனால், அங்கே ஆளரவமில்லாமல் கிடக்கும் பாழைப் பார்ப்பது போன்ற இசை என்று அவர் எழுதியது இன்றும் நிற்கிறது. பெரியலைக் கேட்டால் காரணம் எளிமை. தனக்குப் பாட்டுக் கட்டத் தெரியாததைக் கரகரப்பு மூடி மறைக்கிறது என்றார்.

மறைப்பது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள், திரும்ப வரும்.

*

அவர் கடிதம் எழுதியது ஒரே ஓர் ஆளுக்கு. கோட்9 என்ற ஸ்டீவ் குட்மன். கிளாஸ்கோக்காரர், தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பல்கலைக்கழக ஆசிரியர், இரவில் டி.ஜே. ஹைப்பர்டப் என்று 2000-இல் இணைய இதழாகத் தொடங்கியதை 2004-இல் இசைத்தட்டு நிறுவனமாக மாற்றியவர். அந்த இதழின் வாசகனாக அறிமுகமான பையன், தான் செய்த பாட்டுகளைச் சி.டி.யில் எழுதித் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தான். வருடங்கள் ஓடின.

2005-இல் முதல் தட்டு, ‘சவுத் லண்டன் பரோஸ்’. 2006 மே மாதம் முதல் ஆல்பம். பெயர் வெறும் ‘பெரியல்’. மேலட்டையில் உயரத்திலிருந்து பார்த்த தென் லண்டன்.

அதில் ‘நைட் பஸ்’ என்றொரு பாட்டு. தாளமே கிடையாது. இந்தத் தொடரைத் தூட்டிங்கிலும் மிச்சமிலும் இருந்து படிக்கிறவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கடை மூடிவிட்டு, கடைசி ரயிலை விட்டுவிட்டு, பஸ்ஸின் மாடியில் ஆவி படிந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீடு போயிருக்கிறவர்கள் நீங்கள். அந்த ஜன்னலுக்கு ஓர் ஒலி உண்டு என்றால் அது இதுதான்.

முழுதாக ஒரு பாட்டு முடிந்ததும் அவர் காரில் போட்டுக்கொண்டு இரவு லண்டனைச் சுற்றுவார். தெருவிளக்கு வெளிச்சம் மேலே விழுந்து விழுந்து போகும்போது பாட்டு நிற்கிறதா என்று பார்ப்பார். கிளப் ஸ்பீக்கரில் சோதிப்பது டப்ஸ்டெப் மரபு. இவருக்குக் கார்தான் மண்டபம்.

அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று ‘தி வயர்’ பத்திரிகை அதைத் தேர்ந்தெடுத்தது. பரிசோதனை இசைக்கு அதைவிடப் பெரிய அங்கீகாரம் இங்கிலாந்தில் கிடையாது.

பெயர் தெரியாத ஒருவரின் முதல் ஆல்பம் உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

*

2006-க்கும் 2007-க்கும் நடுவே டப்ஸ்டெப் மாறிக்கொண்டிருந்தது.

பிரிக்ஸ்டனில் பார்த்தோமே, அந்த அடிநாதம் 40, 50 ஹெர்ட்ஸில் இருந்தது. 50 ஹெர்ட்ஸ் ஒலி அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட ஏழு மீட்டர். காது கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூடு கேட்டுவிடும். அதே அடிநாதத்தைப் பலர் மேலே இழுத்து, அலறவிட்டு, ‘வாவ் வாவ்’ என்று உறுமும் சத்தமாக மாற்றினார்கள். கூட்டம் துள்ளியது. இளைஞர்கள் முட்டி மோதி ஆட ஆரம்பித்தார்கள். பெண்கள் மெல்ல மெல்லப் பின்வாங்கினார்கள் என்று அன்று அங்கே இருந்தவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். 2007 கடைசியில் வந்த காஸ்பா, ரஸ்கோ இருவரின் ‘ஃபேப்ரிக்லைவ் 37’ அந்தத் திருப்பத்தின் முத்திரை.

பெரியலும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார். இரண்டாவது ஆல்பம் இன்னும் இருட்டாக, இன்னும் நுட்பமாக இருக்க வேண்டும், மற்ற கைகாரர்கள் மெச்ச வேண்டும் என்று பாட்டுகள் செய்து குவித்தார். ஒன்றும் திருப்தி தரவில்லை.

அவற்றை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

2007 இறுதியில் ஃபிஷருக்குக் கொடுத்த பேட்டியில் அவரே சொன்ன கதை இது. இசையையே விட்டுவிடலாமா என்ற நிலை. அம்மா திட்டவில்லை. ஊரில் யார் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படாதே, நீ பாட்டுக்கு ஒரு பாட்டுச் செய் என்றார். அந்தச் சமயத்தில்தான் வீட்டு நாயும் செத்துப்போனது. மனம் உடைந்து கிடந்தவரிடம் அம்மா மறுபடி சொன்னார்: டீ போட்டுக் குடி, ராத்திரி முழித்திரு, ஒரு பாட்டுச் செய்.

இருபது நிமிடம் கழித்து அம்மாவின் கைப்பேசிக்கு அழைத்தார். நீ செய்யச் சொன்ன பாட்டைச் செய்துவிட்டேன்.

அந்தப் பாட்டு ‘ஆர்க்கேஞ்சல்’.

எனக்குத் தெரிந்து இந்த நூற்றாண்டின் மின்னணு இசையில் இதைவிடப் பெரிய திருப்பம் இதைவிடச் சின்ன அறையில் நடந்ததில்லை. மேடை இல்லை, சாட்சி இல்லை. ஒரு டீ, ஒரு போன்.

*

‘ஆர்க்கேஞ்சல்’ எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

அடியில் டூ-ஸ்டெப் தாளம். தொண்ணூறுகளின் இறுதியில் லண்டனை ஆட்டிவைத்த கராஜ் இசையின் தாளம். ஹவுஸ் இசையில் கிக் டிரம் நாலு எண்ணிக்கையிலும் ‘தம் தம் தம் தம்’ என்று விழும். டூ-ஸ்டெப்பில் இரண்டாவதையும் நாலாவதையும் பிடுங்கிவிடுவார்கள். பெயரே அதனால் வந்ததுதான். பிடுங்கிய இடம் பள்ளமாகிறது. உடம்பு விழப்போகிற மாதிரி ஒரு தள்ளாட்டம் வருகிறது. ஹை-ஹாட்டும் பேஸும் ஓடிவந்து தாங்குகின்றன. பெண்கள் ஆடிய தாளம் அது. டப்ஸ்டெப் பிறந்ததே இந்தக் கராஜின் வயிற்றில்தான். பிறந்த பிறகு அம்மாவை மறந்தது. பெரியல் திரும்ப அம்மா வீட்டுக்குப் போனார் என்று சொல்லலாம்.

மேலே குரல். அது அமெரிக்க ஆர்&பி பாடகர் ரே ஜேயின் ‘ஒன் விஷ்’ பாட்டிலிருந்து எடுத்தது. ஆனால் ரே ஜேயே கேட்டாலும் ஒரு கணம் யோசிப்பார். பெரியல் அந்தக் குரலைத் துண்டு துண்டாக நறுக்கினார். ஒரு சொல்லின் தலை, இன்னொன்றின் வால். ஒவ்வொரு துண்டின் சுருதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கினார். ஏற்றினால் ஆண் குரல் பெண்ணாகும். இறக்கினால் பெண் ஆணாகும். ஒரே வரிக்குள் இரண்டும் நடக்கிறது. பாடுவது ஆணா பெண்ணா தெரியாது. அழுகையா அழைப்பா தெரியாது.

அப்படித் துண்டு போடும் கலையை அவருக்கு முன்பே நியூஜெர்சியின் டாட் எட்வர்ட்ஸ் கராஜ் இசைக்குக் கொண்டுவந்திருந்தார். தாளத்தின் இருட்டைப் பெரியல் கற்றது லண்டனின் எல்-பியிடம். எல்லாமே பழைய சாமான்தான். பின்னணியில் மிதக்கும் வாத்திய இசைகூட ‘மெட்டல் கியர் சாலிட் 2’ வீடியோ கேமிலிருந்து வந்தது. ஜங்கிளின் பதற்றம், கராஜின் ஆட்டம், ஆர்&பியின் காதல், வீடியோ கேமின் தனிமை. இத்தனையையும் ஒரே இடத்தில் போட்டால் குப்பையாகத்தான் வர வேண்டும். இருபது நிமிடத்தில் அது எப்படி ஒட்டியது என்பதற்கு எந்த இலக்கணமும் என்னிடம் இல்லை.

மிச்சப் பாட்டுகளும் அந்த வேகத்திலேயே வந்தன. இருட்டுப் பாட்டுகளை ஓரமாக வைத்துவிட்டார்.

2007 நவம்பர் 5. ‘அன்ட்ரூ’ வெளியானது. 13 பாட்டுகள். மேலட்டையில் அவரே வரைந்த படம்: குல்லாய்ச் சட்டை போட்ட ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார், முன்னால் ஒரு கோப்பை.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு முதல் ஆல்பம்தான் இன்னும் நெருக்கம். ‘அன்ட்ரூ’வின் நடுவில் ஓரிரு பாட்டுகள் புகைபோலக் கலைந்துவிடுகின்றன. ஆனால் வரலாறு என் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. கிளப் பக்கமே போகாதவர்கள், கித்தார் இசை மட்டுமே கேட்கிறவர்கள், நாற்பது தாண்டி ரேவ் நாள்களை நினைத்து ஏங்குகிறவர்கள் என்று எல்லோரும் வாங்கியது ‘அன்ட்ரூ’வைத்தான். அதற்குப் பிறகு சில வருடங்களுக்கு லண்டனில் மழைச்சத்தமும் நறுக்கிய பெண்குரலும் இல்லாமல் பாட்டு வருவதே அரிதாயிற்று. அவற்றில் பெரும்பாலானவை மழை மட்டும்தான். உள்ளே ஆள் இல்லை.

*

இனி வேட்டை.

‘அன்ட்ரூ’ வருவதற்குச் சில நாள்களுக்கு முன், 2007 அக்டோபரில், ‘கார்டியன்’ நாளிதழுக்கு அவர் கொடுத்த பேட்டியில் ஒரு தகவல் இருந்தது. தான் இசை செய்வது ஐந்து பேருக்குத்தான் தெரியும் என்றார்.

இதில் விசித்திரம் எதுவும் இல்லை. இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் போட்டியாளருக்குத் தெரியக்கூடாது என்று தட்டின் லேபிளைச் சுரண்டினார்கள். ஜங்கிள்காரர்கள் பெயரே அச்சிடாத வெள்ளை லேபிள் தட்டுகளைக் கார் டிக்கியில் வைத்து விற்றார்கள். திருட்டு வானொலியில் வாசித்தவர்களுக்குப் பட்டப்பெயர்தான் உண்டு; சொந்தப் பெயர் தெரிந்தால் போலீஸ் வரும். முகம் இல்லாமல் இருப்பது இந்த இசையில் விளம்பரத் தந்திரம் அல்ல, ஊர் வழக்கம். பெரியல் அந்த வழக்கத்தின் கடைசிப் பிள்ளை, அவ்வளவுதான்.

ஆனால் வழக்கம் தெரியாதவர்கள் கையில் ஆல்பம் போய்விட்டது.

2008 பிப்ரவரியில் ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழ், புட்னியின் எலியட் பள்ளியில் படித்த வில்லியம் பெவன்தான் பெரியல் என்று எழுதியது. ஃபோர் டெட் என்ற பெயரில் இசை செய்யும் கீரன் ஹெப்டனும் அதே பள்ளிதான். செய்தி வந்தது, பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

ஜூலை வந்தது. மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியல். ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ், ஐரிஷ் ஆல்பத்துக்கு 20,000 பவுண்டு. பேஸ் இசைக்கும் இந்தப் பரிசுக்கும் பழைய பழக்கம் உண்டு. 1997-இல் ரானி சைஸின் குழு வாங்கியது. 2003-இல் டிஸி ராஸ்கல். 2005 பட்டியலில் நம் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., தன் தகப்பனாரின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்த ‘அருளர்’ ஆல்பத்தோடு இருந்தார். பரிசு வேறொருவருக்குப் போனது.

2008 பட்டியலில் ரேடியோஹெட் இருந்தது. அடெல் இருந்தார். லெட் செப்பலினின் ராபர்ட் பிளான்ட், அலிசன் கிராஸோடு இருந்தார். எல்போ இருந்தது. அவர்கள் நடுவில் ஒரு காலி நாற்காலி: பெரியல்.

‘தி சன்’ போன்ற நாளிதழுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்குமா? யார் இந்த மர்ம மனிதர் என்று அதன் பொழுதுபோக்குப் பக்கம் துப்புத் துலக்கப் புறப்பட்டது. ஏபெக்ஸ் ட்வினா? ஃபேட்பாய் ஸ்லிம்மா? ஏற்கெனவே புகழ்பெற்ற யாரோ ஒருவர் வேடம் போட்டு ஏமாற்றுகிறார் என்பது அவர்கள் கணக்கு. பெயர் வேண்டாம் என்று ஒருவர் நிஜமாகவே நினைக்கக்கூடும் என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

ஆகஸ்ட் 5. அவருடைய மைஸ்பேஸ் பக்கத்தில் ஒரு படமும் சில வரிகளும் வந்தன.

படத்தில் இளைஞர் ஒருவர். சாதாரண முகம். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தால் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள். கீழே: என் பெயர் வில் பெவன். நான் ஒதுங்கி இருக்கிற ஆள். பாட்டுச் செய்வது மட்டும்தான் என் ஆசை, வேறொன்றும் இல்லை. இதுதான் சாரம். கூடவே ஆதரித்தவர்களுக்கு நன்றி, அடுத்துச் சில பாட்டுகள் வரும் என்ற தகவல்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, அறிக்கை இல்லை.

கரகரப்பைப் பற்றி அவர் சொன்னதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பாட்டை மூடி மறைக்க அவர் போர்த்தியது மழை. தன்னை மூடி மறைக்கப் போர்த்தியது ஒரு பெயர். முதலாவதை யாரும் பிடுங்கவில்லை. இரண்டாவதை, மற்றவர்கள் பிடுங்குமுன் அவரே கழற்றி வைத்தார். ஹைப்பர்டப்புக்கு இதில் லாபமும் இருந்தது, மறுப்பதற்கில்லை. மர்மம் தட்டு விற்கும். ஆனால் லாபத்துக்காகச் செய்கிறவர் அடுத்த நாள் தொலைக்காட்சியில் உட்கார்ந்திருப்பார்.

2008 செப்டம்பர் 9. லண்டன் க்ரோஸ்வெனர் ஹவுஸ் ஹோட்டல். பரிசு எல்போவுக்கு. பெரியல் வரவில்லை.

*

முகம் தெரிந்துவிட்டது, பெயர் தெரிந்துவிட்டது, பள்ளிக்கூடம்கூடத் தெரிந்துவிட்டது. இனி என்ன? மூன்றாவது ஆல்பம் எப்போது என்று ஹைப்பர்டப்பைக் கேட்காத பத்திரிகை இல்லை.

2009-இல் ஒரு தட்டு வந்தது. பழைய பள்ளித் தோழர் ஃபோர் டெட்டோடு சேர்ந்து செய்த இரண்டு பாட்டுகள், ‘மாத்’, ‘வுல்ஃப் கப்’. கடையில் அதைக் கையில் எடுத்தவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கறுப்பு உறை. கறுப்பு லேபிள். அதில் ஒரு பெயரும் அச்சிடப்படவில்லை.

பிறகு 2011-இல் ஃபோர் டெட்டோடும் ரேடியோஹெட்டின் தாம் யார்க்கோடும் ஒரு தட்டு, தனியாக ‘ஸ்ட்ரீட் ஹேலோ’, மாசிவ் அட்டாக்கோடு ஒரு தட்டு. எல்லாம் சில்லறை. ஆல்பம் வரவில்லை.

2012 பிப்ரவரியில் ‘கிண்ட்ரெட்’ வந்தது. மூன்றே பாட்டுகள். முதல் பாட்டு மட்டும் 11 நிமிடத்துக்கு மேல். அதில் தாளம் நடுவழியில் நின்றுபோகிறது. மழை மட்டும் பெய்கிறது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் எழுந்திருக்கும்போது மறுபடி எழுகிறது. ‘அன்ட்ரூ’ போல இன்னொன்று செய்தால் உலகமே வாங்கக் காத்திருந்த நேரத்தில், அந்த வடிவத்தையே உடைத்துப் போட்டார்.

ஏன்?

(தொடரும்)